கம்பத்தில் ஏறப்போவது யார்? ஊர் மெஷ் வலைக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மொட்டைமாடியில் ஒரு வைஃபை ரவுட்டர். அதன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு மாடியில் இன்னொன்று. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு, நூலகத்திலிருந்து பால் சொசைட்டிக்கு. ஒவ்வொரு பெட்டியும் வலையின் ஒரு கணு. அது தன் அண்டைப் பெட்டிகளோடு பேசும். வந்த தகவலை அடுத்ததற்குத் தள்ளிவிடும். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் மற்றவை சுற்றுவழி கண்டுபிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் தலைமைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. இதைத்தான் மெஷ் வலை என்கிறார்கள். பெட்டிகள் ஊராருக்கே சொந்தம் என்றால் அது சமூக மெஷ்.

ஸ்பெயினின் கேட்டலோனியாவில், பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத கிராமங்களில் 2004-இல் தொடங்கிய கிஃபி.நெட் இன்று 35,000 கணுக்களைத் தாண்டிவிட்டது. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வலை இயக்கத்தார் தேவாலயக் கோபுரங்களில்கூட ஆன்டெனா மாட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று நெடுந்தூர வைஃபை இணைப்புகள் போட்டது. சில இணைப்புகள் ஒரு கிலோமீட்டர்தான். ஆண்டிப்பட்டிக்குப் போனது 15 கிலோமீட்டர். அது மெஷ் இல்லை, இடத்துக்கு இடம் நேர் இணைப்பு. ஆனால் தேனியிலும் இமாசலத்தின் தரம்சாலாவிலும் பட்ட பாட்டை வைத்து அந்தக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மெஷ் போட நினைக்கும் எவரும் படிக்க வேண்டியது. வலைகளைப் படுக்கவைத்தது பெரும்பாலும் சிக்னல் இல்லை. கெட்ட கரண்டும், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாததும்தான்.

இந்தப் பட்டியலிலும் சிக்னலைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். கரண்டைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் நிறைய.

பெட்டி வாங்குவதற்கு முன்

செய்யுங்கள்: இந்த வலை எதற்கு என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "எல்லோருக்கும் இலவச இன்டர்நெட்" என்ற பதில் செல்லாது. நாலு திசையிலும் செல்போன் கோபுரம் தெரிகிற ஊரில் மெஷ் தேவையே இல்லாமல் போகலாம். அப்படியென்றால் விட்டுவிடுங்கள், பணமாவது மிஞ்சும். டவர் எட்டாத மலைக்கிராமம், ஃபைபர் கேபிள் பஞ்சாயத்து அலுவலகத்தோடு நின்றுபோன ஊர், புயலடித்தால் போன் செத்துப்போகிற கடற்கரை, இங்கெல்லாம் காரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கத்தில் கரண்டும் போய், செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துபோய், அடுத்த ஊரில் இருக்கும் மகனுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லாமல் கிடந்தார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கின் புரூக்ளினைப் புரட்டிப்போட்டபோது ரெட் ஹூக் பகுதியில் ஒரு சின்ன மெஷ் வலை தப்பிப் பிழைத்தது. அமெரிக்கப் பேரிடர் முகமையே தன் செயற்கைக்கோள் இணைப்பை அந்த வலையில் செருகி மக்களுக்குக் கொடுத்தது.

செய்யுங்கள்: பராமரிக்கப்போகிறவர்களை முதலில் தேர்ந்தெடுங்கள், ரவுட்டரை அப்புறம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எப்போது என்று முறை வைப்பது அவர் வேலை. அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. வலைக்கும் அப்படி இரண்டு மூன்று பேர் வேண்டும், அவர்களுக்குக் கூலியும் வேண்டும். ரெட் ஹூக்கில் அந்தப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, கூரை மேல் ஏற்றினார்கள். தொண்டாக ஆறு மாதம் யாரும் செய்வார்கள். ஏழாவது மாதம் மழையில் ஏணி பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

செய்யாதீர்கள்: ஊரில் கம்ப்யூட்டர் படித்த ஒரே பையனை நம்பி வலை போடாதீர்கள். அவனுக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும் நாளில் பாஸ்வேர்டும் அவனோடு பஸ் ஏறிவிடும்.

செய்யாதீர்கள்: கிடைத்த நன்கொடைப் பணம் முழுவதற்கும் ஒரே மூச்சில் பெட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று கணுவில் தொடங்குங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க ஓடட்டும். எது நனைகிறது, எது எரிகிறது, யார் கூப்பிட்டால் வருகிறார் என்று அப்போது தெரிந்துவிடும்.

செய்யுங்கள்: ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஐரோப்பியச் சமூக வலைகளில் இதற்கென்றே 'பிக்கோ பியரிங்' என்ற சின்ன ஒப்பந்தம் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்தவர் தகவல் என் பெட்டி வழியாகக் காசில்லாமல் கடந்து போகலாம். போகிற தகவலில் நான் கைவைக்க மாட்டேன். வேகத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை. கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதோடு நம் ஊருக்குத் தேவையான இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாடிக்கு ஏற வீட்டுக்காரர் எப்போதெல்லாம் அனுமதிப்பார், கரண்டு பில்லுக்கு வலை எவ்வளவு கொடுக்கும். சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டில்தான்.

இடம் பார்த்தல்

செய்யுங்கள்: வெயில் அடிக்கும் நாளில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு மாடி ஏறுங்கள். எதிர் மாடியில் இன்னொருவர் நிற்கட்டும். கண்ணாடி வெளிச்சத்தை அவர் மேல் அடியுங்கள். பளிச்சென்று தெரிந்தால் இரண்டு மாடிகளுக்கும் நடுவே நேர்பார்வை இருக்கிறது என்று பொருள். இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டால் அரை நாளில் ஊர் முழுக்க வரைபடம் போட்டுத் தந்துவிடுவார்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி, கதிர் வடிவத்தில் பரவிப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்பு என்றால் நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் ஏறக்குறைய 5.6 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது மூன்றரை மீட்டர் அளவுக்காவது, சுற்றிலும் வெட்டவெளியாக இருக்க வேண்டும். ஓட்டுக்கூரையை உரசிக்கொண்டு போகிற பார்வைக்கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வலை மட்டும் விட்டுவிட்டு வரும்.

செய்யாதீர்கள்: தென்னந்தோப்புக்கு ஊடாக இணைப்பு போடாதீர்கள். இலையில் இருக்கும் ஈரம் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சித்திரையில் சோதித்துப் பார்த்து வேலை செய்கிறது என்று திருப்தியாக இறங்கினால், ஐப்பசியில் நனைந்த மட்டைகள் காற்றில் ஆட ஆட சிக்னலும் ஆடும். போன வருஷம் நட்ட கன்று இன்னும் நாலு வருஷத்தில் எவ்வளவு வளரும் என்பதையும் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யுங்கள்: சிக்னல் அளவைக் குறித்து வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் மைனஸ் 65 டிபிஎம் என்று காட்டினால் நல்ல இணைப்பு. மைனஸ் 80-ஐத் தொட்டுவிட்டால் அது வெயில் காலத்து இணைப்பு, மழைக்கு நிற்காது. மாட்டிய நாளில் இருந்த அளவைக் கணுவின் பெயரோடு நோட்டில் எழுதினால்தான் பின்னால் எது இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

பெட்டியும் அலைவரிசையும்

செய்யாதீர்கள்: கடையில் 'மெஷ்' என்று எழுதி விற்கும் மூன்று வெள்ளை டப்பா செட்டை வாங்கி ஊருக்குக் கட்டாதீர்கள். அது மூன்று படுக்கையறை வீட்டுக்குச் செய்தது. வெயில் மழை தாங்காது. பலவற்றில் அமைப்பு முழுவதும் கம்பெனியின் ஆப் வழியாகத்தான். மற்ற கம்பெனிப் பெட்டியோடு பெரும்பாலும் சேராது.

செய்யுங்கள்: ஓப்பன்வர்ட் என்ற திறந்த மென்பொருள் ஏறக்கூடிய ரவுட்டரா என்று அதன் பட்டியலில் மாடல் எண்ணையும் ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். வெளியே ஒரே டப்பாதான். பதிப்பு மாறினால் உள்ளே சிப் மாறியிருக்கும். சமூக வலைகளுக்கென்றே தயாரித்த லிப்ரேமெஷ் இந்த ஓப்பன்வர்ட்டின் மேல் ஓடுகிறது. அர்ஜென்டினாவின் கோர்டோபா மாநிலக் கிராமங்களில் வேலை செய்யும் ஆல்டர்முண்டி குழுவினர், சந்தையில் வரும் பெட்டிகள் பூட்டப்பட்டே வருவதைப் பார்த்துச் சலித்துப்போய், லிப்ரேரவுட்டர் என்று சொந்தமாகவே ஒன்றை வடிவமைத்தார்கள். அதில் ஒரு 2.4 ரேடியோ, இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஏன் மூன்று?

ஒற்றை ரேடியோ வைத்த பெட்டி ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. வாங்கிய தகவலை அதே அலைவரிசையில் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அதனால் தகவல் பெட்டி விட்டுப் பெட்டி தாவும்போது, இரண்டாவது தாவலில் வேகம் பாதியாகும், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்காகும். ஐந்தாறு வீடு தள்ளியிருப்பவருக்கு மிஞ்சுவது வண்டல்தான். பெட்டிக்குப் பெட்டி பேச வெவ்வேறு சேனலில் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, வீட்டுக்குள் போனுக்குக் கொடுக்க 2.4 என்று பிரித்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்படியும் இன்டர்நெட் வலைக்குள் நுழையும் வாசல் பெட்டியிலிருந்து மூன்று நான்கு தாவலுக்குள் எல்லோரும் வந்துவிடும்படி வலையைத் திட்டமிடுங்கள். ஊர் நீளமாக இருந்தால் இரண்டாவது வாசல் தேடுவதே மேல்.

செய்யாதீர்கள்: 2.4-இல் 1, 6, 11 தவிர வேறு சேனலைத் தொடாதீர்கள். எல்லோரும் ஆறில் இருக்கிறார்கள், நான் எட்டில் போகிறேன் என்று கிளம்பினால் ஆறில் இருப்பவரையும் கெடுத்து, பதினொன்றில் இருப்பவரையும் கெடுப்பீர்கள்.

செய்யாதீர்கள்: நாட்டுக் குறியீட்டை மாற்றி வைத்துப் பவரைக் கூட்டாதீர்கள். இணையத்தில் இந்த யோசனையைச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. உங்கள் பெட்டி உரக்கக் கத்தினாலும் எதிர்முனையில் இருக்கும் போன் மெதுவாகத்தானே பேசும்? சட்ட மீறலும் ஆச்சு, பலனும் இல்லை. நல்ல ஆன்டெனா வாங்குங்கள். அது பேசவும் உதவும், கேட்கவும் உதவும்.

கரண்டு

தேனிக் கட்டுரைக்காக ஒரு கிராமத்து மின் இணைப்பில் கருவி வைத்து அளந்தபோது, திடீர் எகிறல்கள் சில 1,000 வோல்ட்டைத் தொட்டிருக்கின்றன. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில். பவர் அடாப்டர் கருகிப்போனது, போர்டு எரிந்துபோனது எல்லாம் இதனால்தான். அதைவிட நயவஞ்சகமானது குறைந்த வோல்டேஜ். பெட்டி சாகாது, பாதி உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும், அணைந்து அணைந்து எரியும், அந்த ஆட்டத்தில் உள்ளே இருக்கும் மெமரி கெட்டுப்போகும். விளக்கு எரிகிறது, வலை வரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள்.

செய்யுங்கள்: ஒவ்வொரு கணுவுக்கும் பேட்டரி வழியாகவே கரண்டு கொடுங்கள். சுவர் பிளக்கிலிருந்து நேராக வேண்டாம். ஈபி கரண்டு பேட்டரியை ஏற்றட்டும், ரவுட்டர் பேட்டரியிலிருந்து குடிக்கட்டும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் தானாகத் துண்டித்து, சரியான பிறகு தானாகச் சேர்க்கும் கன்ட்ரோலர் நடுவில் இருக்க வேண்டும். செலவுப் பட்டியலில் முதல் ஆளாக வெட்டுப்படுவது இதுதான். வெட்டவே கூடாததும் இதுதான்.

செய்யுங்கள்: சோலார் என்றால் கணக்குப் போட்டு வாங்குங்கள். பெட்டி 8 வாட் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 192 வாட்-அவர். 12 வோல்ட் பேட்டரியில் அது 16 ஆம்ப்-அவர். இரண்டு நாள் மேகமூட்டத்துக்குத் தாங்க 32. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 65 ஆம்ப்-அவராவது வேண்டும். பேனலுக்கு 70 வாட் என்று கணக்கு சொல்லும். தூசியும் காக்கை எச்சமும் கணக்குக்குத் தெரியாது, 100 வாட்டாக வாங்குங்கள்.

செய்யாதீர்கள்: சோலார் பேட்டரியில் டிவி, ஃபேன், செல்போன் சார்ஜர் எதையும் செருக விடாதீர்கள். கரண்டு போன இரவில் ஊரில் ஒரே ஒரு பேட்டரி உயிரோடு இருந்தால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். அதில் தப்பும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் மன்கோசியில் ஜென்ஸெலேனி கூட்டுறவினர் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். சோலாரைக் கூடுதலாகவே போட்டு, கட்டணத்துக்குப் போன் சார்ஜ் செய்து கொடுத்தார்கள். வலைக்கு அதுவே ஒரு வருமானமானது. நீங்களும் செய்யலாம், ஆனால் அந்தக் கூடுதல் வாட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு.

செய்யாதீர்கள்: நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டு அனுப்பும் பிஓஇ இன்ஜெக்டர்களை ஒரே பையில் கலந்து போடாதீர்கள். 24 வோல்ட் பெட்டிக்கு 48 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டரைச் செருகினால், ஏணியிலிருந்து இறங்குவதற்குள் வாசனை வந்துவிடும். வாங்கிய அன்றே நெயில் பாலிஷால் நிறப் புள்ளி வையுங்கள்: 24-க்கு ஒரு நிறம், 48-க்கு வேறு நிறம்.

கம்பம், கேபிள், இடி

செய்யுங்கள்: கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வளைவு இல்லாவிட்டால் அதே தண்ணீர் ஓட்டை வழியாக நுழைந்து இன்ஜெக்டரின் மண்டையில் சொட்டும். பெட்டிக்குப் போகும் முனையிலும் அப்படியே. கேபிள் எப்போதும் அடியிலிருந்துதான் பெட்டிக்குள் ஏற வேண்டும்.

செய்யுங்கள்: வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறைக் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் கரண்டும் அனுப்பினால் கணிசமான பங்கை வழியிலேயே தின்றுவிடும். முழுச் செம்பானாலும் 100 மீட்டரைத் தாண்டாதீர்கள். கிரிம்பிங் செய்யும்போது இரு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இதைப் பெரிய எழுத்தில் எழுதி டூல்பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு பழகியவருக்கும் மாடி வெயிலில் பச்சையும் நீலமும் இடம் மாறும்.

அணில் கேபிளைக் கடிக்கும். அது நடமாடும் பகுதியில் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். தரம்சாலாவில் குரங்குகள் ஆன்டெனாவைப் பிடித்து ஊஞ்சலாடின. குரங்கு வரும் கோயில் பக்கத்துக் கம்பமென்றால் நட்டு போல்ட்டை இரட்டிப்பு இறுக்கம் இறுக்குங்கள்.

செய்யுங்கள்: கம்பத்துக்கு எர்த் கொடுங்கள், கேபிளின் இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள். வீட்டு எர்த்தும் கம்பத்து எர்த்தும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இடி நேராகவே விழுந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் எங்கோ விழுந்து கேபிளில் பாயும் அதிர்ச்சிக்குத்தான் இவை, அதுதான் அடிக்கடி நடப்பதும்.

செய்யாதீர்கள்: வானம் கறுத்திருக்கும்போது ஏறாதீர்கள். தனியாக ஏறாதீர்கள். ஈபி லைனுக்கு அருகில், கம்பம் சாய்ந்தால் அதன் மேல் விழக்கூடிய தூரத்தில், எதையும் நடாதீர்கள். பெல்ட் இல்லாமல் ஏறும் சூரத்தனத்தைப் பார்த்து யாரும் கைதட்டாதீர்கள்.

அமைப்பும் பாஸ்வேர்டும்

செய்யுங்கள்: ஒவ்வொரு கணுவுக்கும் இடத்தின் பெயரையே வையுங்கள். 'நோடு-07' எங்கே இருக்கிறது என்று நடுராத்திரியில் யாருக்கும் நினைவு வராது. 'பால்சொசைட்டி-மாடி' என்றால் போதும். பெயர், ஐபி முகவரி, பெட்டி மாடல், மாட்டிய தேதி, வீட்டுக்காரர் எண் இவற்றை ஒரு நோட்டிலும் ஒரு ஃபைலிலும் வையுங்கள். நோட்டு கட்டாயம், வலை படுத்த நேரத்தில்தான் ஃபைல் தேவைப்படும், அப்போது அதைத் திறக்க முடியாமல் போகலாம்.

செய்யாதீர்கள்: பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். மெஷ் இணைப்புகளுக்கும் என்கிரிப்ஷன் போடுங்கள். பாஸ்வேர்டுகளை உறையிலிட்டு ஒட்டி, இரண்டு பேரிடம், இரண்டு வீடுகளில் கொடுத்து வையுங்கள்.

செய்யாதீர்கள்: ஒருவர் தன் வீட்டு ரவுட்டரை வலையின் கேபிளில் தப்பான துளையில் செருக விடாதீர்கள். அது எல்லோருக்கும் தானே ஐபி முகவரி வழங்கத் தொடங்கும். ஊரில் பாதிப் பேருக்கு வலை மாயமாகிவிடும், காரணம் தெரிய ஒரு நாள் ஆகும். கேட்டால் "ஒரு வயரைத்தான் சார் மாத்திப் போட்டேன்" என்பார்.

செய்யுங்கள்: புதிய மென்பொருள் ஏற்றும்போது முதலில் மேஜை மேல் இருக்கும் ஒரு பெட்டியில் சோதியுங்கள். பிறகு வலையின் கடைக்கோடிக் கணு, பிறகு அதற்கு முந்தியது, இன்டர்நெட் வாசல் கடைசியில். வாசலில் தொடங்கி அது மக்கர் செய்துவிட்டால் அப்புறம் இருக்கும் எதையும் எட்ட முடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் எதையுமே செய்யாதீர்கள்.

சட்டம்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வெளியிடத்தில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் வழி திறந்தது. தரம்சாலாவில் மெஷ் வலை கிளம்பியதும் அதையொட்டித்தான். 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்தது. உரிமம் வேண்டாம் என்றாலும் பவர் வரம்பு உண்டு, உபகரண வகை ஒப்புதல் பெற்ற பெட்டியாகவும் இருக்க வேண்டும். இன்னொன்று: இந்தப் பட்டையில் யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. பக்கத்து லாட்ஜின் வைஃபை உங்கள் இணைப்பைக் கெடுக்கிறது என்று எங்கும் மனு கொடுக்க முடியாது. லாட்ஜ்காரரோடு டீ குடித்துச் சேனலைப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

செய்யாதீர்கள்: வீட்டு பிராட்பேண்ட் இணைப்பை வாங்கி ஊருக்கு மாதச் சந்தாவுக்கு விற்காதீர்கள். இணைப்பு ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் அதற்குத் தடை இருக்கும், உரிமச் சிக்கலும் வரும். மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் டீக்கடை, மளிகைக்கடைகூட உரிமக் கட்டணமில்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பயனர் அடையாளச் சரிபார்ப்பை அதற்கெனப் பதிவுபெற்ற நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இன்டர்நெட்டைப் பகிர்வதாக இருந்தால் அந்த வாசல் வழியாகப் போவது நல்லது. பெயர் ஊர் கேட்காமல் திறந்துவிட்ட வைஃபையில் ஒருவர் மிரட்டல் மெயில் அனுப்பினால், போலீஸ் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். ஜெர்மனியில்கூட 2017-இல் சட்டத்தைத் திருத்தும் வரை இந்தப் பயம் இருந்தது. ஃப்ரைஃபுங்க்காரர்கள் தகவலை விபிஎன் வழியாகச் சுற்றி அனுப்பிச் சமாளித்தார்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கு

செய்யுங்கள்: இன்டர்நெட் இல்லாமலே பயன்படும் ஏதாவது ஒன்றை வலைக்குள்ளேயே வையுங்கள். ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் கிவிக்ஸ் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஊருக்குள்ளேயே இருக்கும். கொலிப்ரி போட்டால் பாட வீடியோக்கள். பஞ்சாயத்து அறிவிப்பு, மருத்துவ முகாம் தேதி, திருவிழாப் படங்கள் இவற்றுக்கு ஒரு பக்கம். வாசல் இணைப்பு அறுந்தாலும் இவை ஓடும். வலை கட்டுகிறவர்களைக் கேட்டால் விக்கிப்பீடியா என்பார்கள்; நிஜத்தில் ஊரார் அதிகம் திறப்பது திருவிழாப் படங்களைத்தான். அதுவும் நல்லதுதான், அந்த ஆசையில்தான் பேட்டரிக்குப் பணம் வசூலாகும்.

செய்யுங்கள்: வாசல் ரவுட்டரில் வரிசை ஒழுங்கு மென்பொருளை, ஓப்பன்வர்ட்டில் எஸ்க்யூஎம் என்பதை, இயக்கிவிடுங்கள். ஒருவர் சினிமா இறக்கினாலும் இன்னொருவரின் வீடியோ கால் திக்காது.

செய்யாதீர்கள்: யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காதீர்கள். விதிப்படி வைக்க வேண்டிய இணைப்புப் பதிவு வேறு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் தேடலைத் திண்ணையில் பேசுவது வேறு. பராமரிப்பாளரை நீக்க வேறு காரணமே தேவையில்லை.

செய்யாதீர்கள்: வேகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பணம் கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்து வேகம் கொடுக்கவும் தொடங்காதீர்கள். மாடி கொடுத்தவர் அடுத்த வாரமே பெட்டியைக் கழற்றச் சொல்லுவார்.

பழுதும் கழற்றுதலும்

செய்யுங்கள்: உதிரிப் பெட்டி ஒன்று, இன்ஜெக்டர் இரண்டு, கிரிம்ப் செய்த கேபிள் ஒன்று எப்போதும் ஊருக்குள் இருக்கட்டும், அமைப்பு ஏற்றித் தயாராக. பழுது பார்க்கும் வரிசையைச் சுவரில் எழுதுங்கள்: விளக்கு எரிகிறதா, வோல்டேஜ் எவ்வளவு, கேபிள் இறுக்கமா, அண்டைக் கணு தெரிகிறதா, பிறகுதான் மென்பொருள். எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

செய்யுங்கள்: தீபாவளிக்கு முன் ஒரு சுற்று, பொங்கலுக்குப் பின் ஒரு சுற்று எல்லாக் கணுக்களையும் ஏறிப் பாருங்கள். பேனலைத் துடையுங்கள், துருப்பிடித்த கிளாம்பை மாற்றுங்கள், எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

செய்யாதீர்கள்: ஒருவர் வீடு மாறுகிறார், அல்லது இனி வேண்டாம் என்கிறார் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அதே வாரத்தில் போய்ப் பெட்டி, கம்பம், கேபிள் எல்லாவற்றையும் இறக்குங்கள். துளை போட்ட சுவரைச் சிமென்ட் பூசி அடையுங்கள். அந்தப் பெட்டியின் அமைப்பை அழித்து, அவர் கையில் இருந்த பாஸ்வேர்டு எதுவோ அதை எல்லாக் கணுக்களிலும் மாற்றுங்கள். செத்த லெட்-ஆசிட் பேட்டரியை வாய்க்காலில் போடாமல் பேட்டரிக் கடைக்கே கொண்டுபோங்கள். புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்தத் தொகையை வலையின் கணக்கில் வரவு வையுங்கள்.